அத்தியாயம் 7: "ரெண்டு மிதி மிதிச்சா புடிச்சுக்குதுங்க"

பொள்ளாச்சியில் என் பட்டறைக்கு வரும் பழைய கார்க்காரர்கள் பிரேக்கைப் பற்றி வாயைத் திறந்தால் பெரும்பாலும் இந்த வாக்கியம்தான் வரும். "அண்ணா, மொத மிதிக்குக் கொஞ்சம் உள்ள போகுதுங்க, ரெண்டு மிதி மிதிச்சா நல்லாப் புடிச்சுக்குதுங்க." சொல்கிறவர் முகத்தில் கவலையே இருக்காது. இன்ஜின் ஆயில் மாற்ற வந்திருப்பார், பேச்சுவாக்கில் சொல்லுவார். அதைக் கேட்டதும் எனக்கு ஆயில் வேலையை ஒதுக்கிவிட்டு முதலில் சக்கரத்தைக் கழற்றத்தான் தோன்றும்.

பெடல் ஒரே நாளில் இறங்குவதில்லை. மாதக்கணக்கில் நூல் நூலாக இறங்கும். ஓட்டுகிறவரின் காலும் அதற்கேற்ப முன்கூட்டியே மிதிக்கப் பழகிக்கொள்ளும். ஒரு நாள் மகனோ மைத்துனரோ அந்த வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டு வந்து, "என்ன இது, பிரேக்கே இல்லை!" என்று பதறும்போதுதான் விஷயம் வெளியே வரும். அந்தப் பதற்றத்தை நம்புங்கள். தினமும் ஓட்டுகிறவரின் காலைவிட, புதிதாக மிதித்தவரின் கால் சரியாகச் சொல்லும்.

இதையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் ஒரு நொடியில் ஏறக்குறைய 17 மீட்டர் கடக்கிறது. முதல் மிதி வீணாகி, காலை எடுத்து மறுபடி மிதிக்க அரை நொடிதான் ஆகிறது என்று வைத்துக்கொண்டாலும் 8 மீட்டர் போய்விடும். அது இரண்டு மாருதி 800 நீளத்துக்கும் மேல். குறுக்கே ஒரு குழந்தை ஓடிவரும்போது அந்த 8 மீட்டரை யாரிடம் போய்க் கேட்பது?

இந்த அத்தியாயத்துக்கு மாருதி 800ஐயே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். 1983 டிசம்பரில் வந்து 2014இல் தயாரிப்பு நின்றுபோன கார். இன்றும் எங்கள் ஊர்த் தோட்டங்களில் தேங்காய் மூட்டை ஏற்றிக்கொண்டு ஓடுகிறது. முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். இந்த அமைப்பைப் புரிந்துகொண்டால் அந்தக் காலத்து மற்ற சின்னக் கார்களுக்கும் பெரும்பாலும் இதே கணக்குதான்.

காலுக்கும் சக்கரத்துக்கும் நடுவில் இருப்பது பிரேக் ஆயில். பெடலை மிதித்தால் மாஸ்டர் சிலிண்டருக்குள் பிஸ்டன் நகர்ந்து ஆயிலைத் தள்ளுகிறது. ஆயில் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் குழாய் வழியே அப்படியே நான்கு சக்கரத்துக்கும் போய்ச் சேர்கிறது. நடுவில் துளி காற்று புகுந்தாலும், கொடுத்த அழுத்தம் அந்தக் காற்றைச் சுருக்குவதிலேயே செலவாகிவிடும். மாருதியில் மாஸ்டர் சிலிண்டருக்குள் இரண்டு அறைகள் உண்டு, ஒன்று போனாலும் மற்றது பாதிச் சக்கரங்களையாவது பிடிக்கும். 1950, 60களில் வடிவமைத்த ஜீப், கார்களில் பெரும்பாலும் ஒரே அறைதான். ஒரு குழாய் வெடித்தால் நான்கு சக்கரமும் போச்சு. அந்த மாதிரி வண்டி வைத்திருப்பவர்கள் இந்த அத்தியாயத்தை இரண்டு முறை படியுங்கள்.

இதனால் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும். நேற்று வரை சரியாக இருந்த பெடல் இன்று திடீரென்று பாதிக்குக் கீழே போய், அதற்குப் பிறகு கெட்டியாகப் பிடிக்கிறது என்றால் ஓர் அறை முழுதாகப் போயிருக்கலாம். அப்போது உங்களிடம் மிச்சம் இருப்பது பாதி பிரேக். வண்டியை அங்கேயே ஓரம் கட்டுங்கள். "பட்டறை வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்ற நினைப்பே வேண்டாம்.

ஸ்பேனருக்கு முன்னால்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்துவிட்டுப் பானெட்டைத் திறங்கள். பிரேக் ஆயில் டப்பாவில் மேல் கோடு, கீழ்க் கோடு இரண்டும் இருக்கும். அளவு குறைந்திருந்தால் உடனே ஊற்றி நிரப்பிவிடாதீர்கள். முன்சக்கர பேடு தேயத் தேய, காலிப்பர் பிஸ்டன் வெளியே வந்து அந்த இடத்தை ஆயில் நிரப்பிக்கொள்ளும். அதனால் வருடக்கணக்கில் அளவு கொஞ்சம் இறங்குவது இயல்பு. தேய்ந்த பேடோடு நிரப்பி வைத்தால், புதுப் பேடு போடும் நாளில் பிஸ்டனை உள்ளே தள்ளும்போது ஆயில் பொங்கி வழிந்து பெயின்ட்டைக் கரைத்துவிடும். (வழிந்தால் துணியால் தேய்க்காமல் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள்.) மாறாக, ஒரே மாதத்தில் கீழ்க் கோட்டைத் தாண்டி இறங்கியிருந்தால் அது தேய்மானம் இல்லை, எங்கேயோ ஒழுகுகிறது.

நிறத்தையும் பாருங்கள். புது ஆயில் தண்ணீர் போலவோ வெளிர் மஞ்சளாகவோ இருக்கும். டிகாக்‌ஷன் நிறத்துக்குப் போயிருந்தால் வயதாகிவிட்டது. மூடிக்கு அடியில் ஒரு ரப்பர் இருக்கும். அது உப்பி, நெளிந்து, கழற்றினால் திரும்ப உட்கார மறுத்தால் நிலைமை மோசம். யாரோ இன்ஜின் ஆயிலையோ ஸ்டீயரிங் ஆயிலையோ ஊற்றியிருக்கிறார்கள் என்று அர்த்தம். பெட்ரோலியத்திலிருந்து வரும் எந்த ஆயிலும் இந்த ரப்பரை ஊதிப்போகச் செய்யும். மூடி ரப்பருக்கு நேர்ந்தது மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர், ஹோஸ் எல்லாவற்றிலும் நேர்ந்துகொண்டிருக்கிறது. ஆயிலை மட்டும் மாற்றினால் போதாது, ரப்பர் உள்ள அத்தனையையும் மாற்ற வேண்டும். பணம் அதிகம் ஆகிறது என்று வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுத்ததே இல்லை.

கால் சொல்லும் நான்கு சேதிகள்

இன்ஜினை நிறுத்திவிட்டு உள்ளே உட்காருங்கள். ரேடியோ வேண்டாம், பேச்சு வேண்டாம். பெடலை மிதித்து, அது எங்கே கனக்கிறது, எப்படிக் கனக்கிறது என்று கவனியுங்கள். 'சாஃப்ட்' என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். காலுக்குத் தெரிவது ஒரே மாதிரி இல்லை.

முதல் மிதி ஆழமாகப் போகிறது. உடனே இரண்டாவது, மூன்றாவது மிதித்தால் உயரம் ஏறிக் கல் மாதிரி நிற்கிறது. இது பெரும்பாலும் பின்சக்கர பிரேக் ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி அதிகமாகிவிட்டதைக் காட்டும். சோதிக்க எளிய வழி உண்டு. ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி முதல் மிதியை மிதித்துப் பாருங்கள். ஹேண்ட் பிரேக் ஷூவை டிரம் பக்கம் தள்ளி வைத்திருப்பதால், இப்போது முதல் மிதியிலேயே பெடல் மேலே நின்றால் குறை பின்சக்கரத்தில்தான். ஆயில், காற்று என்று அலைய வேண்டாம். டிரம்மைக் கழற்றி, ஷூவின் தேய்மானத்தையும் தானாக இடைவெளியைக் குறைக்கும் அட்ஜஸ்டர் துருப்பிடித்து இறுகியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். பழைய வண்டிகளில் அது இறுகிக் கிடப்பதுதான் வழக்கம். ஹேண்ட் பிரேக் கேபிளை மட்டும் இறுக்கி இதைச் சமாளிப்பவர்கள் உண்டு. கைக்குப் பிடிப்பு வரும், காலுக்கு வராது. அதோடு அட்ஜஸ்டர் தன் வேலையைச் செய்ய முடியாமலும் போகும்.

பஞ்சை மிதித்த மாதிரி இருக்கிறது, மிதிக்க மிதிக்க உயர்ந்தாலும் கடைசி வரை அந்தப் பஞ்சுத்தன்மை போகவில்லை. இது காற்று. அல்லது வயதான ரப்பர் ஹோஸ் பலூன் போல உப்புகிறது. உதவிக்கு ஒருவரை மிதிக்கச் சொல்லிவிட்டு, முன்சக்கரத்துக்குப் போகும் ஹோஸை விரல்களால் பிடித்துப் பாருங்கள். மிதிக்கும்போது விரலுக்குள் பருத்தால் அதன் ஆயுள் முடிந்தது. மேலே வெடிப்புக் கோடுகள் தெரிந்தாலும் மாற்றிவிடுங்கள், விலை அதிகமில்லாத பொருள்.

மூன்றாவது சேதியைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். பெடல் நல்ல உயரத்தில், கெட்டியாக நிற்கிறது. ஆனால் காலை எடுக்காமல் வைத்திருந்தால் மெல்ல மெல்லக் கீழே இறங்குகிறது. வெளியே எங்கும் ஒழுகல் இல்லை, டப்பாவில் அளவும் குறையவில்லை. இது மாஸ்டர் சிலிண்டருக்குள்ளேயே ரப்பர் கப் தேய்ந்து, ஆயில் பிஸ்டனைத் தாண்டிப் பின்னால் நழுவுவது. இதைச் சோதிக்கும்போது பலமாக மிதிக்காதீர்கள். பலமாக மிதித்தால் அந்த அழுத்தமே கப்பை விரித்துச் சுவரோடு ஒட்ட வைத்துவிடும், பெடல் நின்றுவிடும், "நல்லாத்தானே இருக்கு" என்று எழுந்துவிடுவீர்கள். சிக்னலில் நிற்கும்போது எவ்வளவு லேசாகக் காலை வைத்திருப்பீர்களோ அவ்வளவுதான் மிதிக்க வேண்டும். அப்படியே ஒரு நிமிடம் காத்திருங்கள். இறங்கினால் மாஸ்டர் சிலிண்டர் போய்விட்டது. கிட் மட்டும் போடலாமா என்று கேட்பார்கள். சிலிண்டரின் உள்சுவரில் துருக்குழி இருந்தால் புதுக் கப்பும் சீக்கிரமே கிழியும். பிரேக்கில் நான் முழு சிலிண்டரையே மாற்றச் சொல்வேன்.

நான்காவது இதற்கு நேர் எதிர். பெடல் கல் போல இருக்கிறது, இறங்கவே இல்லை, வண்டியும் நிற்கவில்லை. இது மென்மையே இல்லை என்றாலும் வாடிக்கையாளர் இதையும் "பிரேக் புடிக்கல" என்றுதான் சொல்வார். வண்டியில் மிதிக்கு வலு கூட்டும் பூஸ்டர் இருந்தால் இப்படிப் பாருங்கள்: இன்ஜினை நிறுத்திப் பெடலை ஐந்தாறு தடவை மிதித்து உள்ளே மிச்சமிருக்கும் வெற்றிடத்தைத் தீர்த்துவிடுங்கள். காலை அழுத்தியபடியே இன்ஜினைப் போடுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அசையவில்லை என்றால் பூஸ்டரையோ அதற்குப் போகும் வேக்குவம் ஹோஸையோ பாருங்கள். பூஸ்டர் நன்றாக இருந்தும் நிற்கவில்லை என்றால் பேடு கண்ணாடி போலப் பளபளத்துப் போயிருக்கும், இல்லையேல் லைனிங்கில் ஆயில் பட்டிருக்கும்.

சிலருக்கு மேடுபள்ளமான பாதையில் ஓட்டிவிட்டு வந்தால் மட்டும் முதல் மிதி ஆழமாகப் போகும், நின்ற வண்டியில் எல்லாம் சரியாக இருக்கும். முன்சக்கர பேரிங்கில் ஆட்டம் இருக்கிறதா பாருங்கள். ஆடும் டிஸ்க் பேடைத் தட்டிப் பின்னுக்குத் தள்ளிவிடுகிறது.

ஒழுகல் ஒளிந்திருக்கும் இடங்கள்

அளவு குறைகிறது, தரையில் சொட்டு இல்லை. அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள். முதலில் ஓட்டுநர் பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, பெடலுக்கு மேலே டார்ச் அடியுங்கள். அடுத்து மாஸ்டர் சிலிண்டர் பூஸ்டரோடு சேரும் விளிம்பில் பெயின்ட் உரிந்து தொங்குகிறதா பாருங்கள். பின்பக்க சீல் போனால் ஆயில் பூஸ்டருக்குள்ளேயே இறங்கும். அங்கிருந்து இன்ஜின் அதை உறிஞ்சிப் புகையாக விட்டுவிடவும் செய்யும், வெளியே ஒரு சொட்டும் தெரியாது. மூன்றாவது இடம் பின் டிரம்.

டிரம்மைக் கழற்றும்போது உள்ளே கரும்பொடி அடைந்திருக்கும். வாயால் ஊதாதீர்கள், கம்ப்ரசர் காற்றும் வேண்டாம். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருப்பதுண்டு, அதன் தூசு நுரையீரலுக்குள் போனால் வெளியே வராது. தண்ணீரில் நனைத்துத் துணியால் துடைத்தெடுங்கள். எங்கள் பட்டறையில் வேலை பழக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுப்பது இதைத்தான்.

துடைத்தபின், மேலே இரண்டு ஷூவுக்கும் நடுவில் விரல் நீளத்துக்கு வீல் சிலிண்டர் தெரியும். இரு முனையிலும் ஒரு ரப்பர் தொப்பி. தட்டை ஸ்குரூ டிரைவரின் முனையால் தொப்பியின் உதட்டை மெல்ல நெம்புங்கள். உள்ளே உலர்ந்திருந்தால் நிம்மதி. ஒரு துளி, ஆறிப்போன கடுங்காப்பி நிறத்தில், உதட்டிலிருந்து திரண்டு பின்தட்டில் கோடு போட்டு இறங்கினால் சீல் போய்விட்டது. இன்னும் கொஞ்ச நாளில் அந்தக் கோடு லைனிங்கைத் தொடும். தொட்டுவிட்டால் அந்த ஷூ வீண்தான். பெட்ரோலில் கழுவி, நெருப்பில் காட்டி, உப்புத்தாள் போட்டுத் திரும்பப் போடுகிறவர்கள் உண்டு. லைனிங் குடித்த ஆயில் சூட்டில் மறுபடி வெளியே வரும். இரண்டு பக்கமும் ஷூவை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

எங்கே குறை என்று பிடிபடவில்லை என்றால் ஹோஸ்களை ஒவ்வொன்றாக அடைத்துப் பார்ப்பது பழைய முறை. எந்த ஹோஸை அடைத்ததும் பெடல் உயர்கிறதோ அந்தச் சக்கரத்தில் குறை. இதற்கென்று வழவழப்பான உருளை வாய் கொண்ட கிளாம்ப் உண்டு. கட்டிங் பிளேயரால் நெரித்தால் ஹோஸின் உட்புறம் கிழிந்து, நீங்களே புதுக் குறையை உண்டாக்கிவிடுவீர்கள். மேலே வெடிப்பு கண்ட பழைய ஹோஸில் இந்தச் சோதனையே வேண்டாம்.

ஏர் எடுப்பது

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலில், ஒருவர் சக்கரத்தில். சக்கரத்தில் காற்றை வெளியேற்ற இருக்கும் நிப்பிளில் கண்ணாடி டியூபை மாட்டி, அதன் மறுமுனையைக் கொஞ்சம் பிரேக் ஆயில் ஊற்றிய பாட்டிலுக்குள் முங்க விடுங்கள். பொதுவாக மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவில் உள்ள சக்கரத்திலிருந்து ஆரம்பிப்பார்கள். நம் வண்டிகளில் அது பின் இடது. பிறகு பின் வலது, முன் இடது, கடைசியில் முன் வலது. குழாய்கள் குறுக்காகப் பிரியும் கார்களில் வரிசை மாறும், உங்கள் வண்டியின் கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"அமுக்குங்கண்ணா."

"புடிச்சிருக்கேன் தம்பி."

இப்போது நிப்பிளைக் கால் சுற்று திறக்க வேண்டும். டியூபில் குமிழிகள் ஓடும், பெடல் இறங்கும். பெடல் கீழே போய் நிற்பதற்குள் நிப்பிளை மூடிவிட்டு, "விடுங்க" என்று சொல்ல வேண்டும். மூடுவதற்கு முன் அவர் காலை எடுத்துவிட்டால், வெளியே போன காற்று திரும்ப உள்ளே வந்துவிடும். குமிழி நிற்கும்வரை இதையே செய்யுங்கள். நடுநடுவே டப்பாவை நிரப்ப மறக்காதீர்கள். அது ஒருமுறை வற்றினால் ஆரம்பத்திலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

பழைய மாஸ்டர் சிலிண்டர் என்றால் பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வையுங்கள். அன்றாட ஓட்டத்தில் பிஸ்டன் சிலிண்டரின் முதல் பாதிக்குள்தான் நகர்ந்துகொண்டிருக்கும். பெடல் தரை தொடாததால் மறுபாதியில் வருடக்கணக்கில் துருவும் கசடும் படிந்திருக்கும். ஏர் எடுக்கிறேன் என்று பெடலைத் தரை வரை மிதித்தால் கப் அந்தத் துருவில் உரசிக் கிழியும். "ஏர் எடுத்ததுக்கு அப்புறம்தான் மாஸ்டர் போச்சு" என்று மெக்கானிக்கின் மேல் வரும் புகார்களில் பல இந்த வழியில் வருபவை.

வேறோரிடத்தில் முன்பிரேக் வேலை முடித்த ஒரு கார் எங்களிடம் வந்தது. எத்தனை தடவை ஏர் எடுத்தும் பஞ்சுத்தன்மை போகவில்லை. மூன்று பாட்டில் ஆயில் தீர்ந்த பிறகுதான், நான் சக்கரத்துக்கு முன்னால் உட்கார்ந்து காலிப்பரை நிதானமாகப் பார்த்தேன். இடது காலிப்பரை வலதிலும் வலதை இடதிலும் மாட்டியிருந்தார்கள். நிப்பிள் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலேதான் தங்கும், கீழே உள்ள வாய் வழியாக அது எப்படி வெளியேறும்? மாற்றி மாட்டிய அடுத்த ஐந்து மிதியில் பெடல் நின்றது. நிப்பிள் காலிப்பரின் மேற்புறத்தில் இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள்.

மலையில் மட்டும் வரும் குறை

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். கொல்லிமலைக்கு 70. இந்தப் பாதைகளில் இறங்கும்போது பாதி மலையில் பெடல் திடீரென்று தரைக்குப் போகும். பயந்து ஓரம் கட்டி அரை மணி நேரம் நின்றால், பிரேக் பழையபடி வந்துவிடும். கீழே வந்து காட்டினால் எந்த மெக்கானிக்குக்கும் குறை தெரியாது.

குறை ஆயிலில் இருக்கிறது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். டாட் 3 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது என்பது தரம். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த எல்லை 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230, ஈரம் சேர்ந்தபின் 155. தொடர்ந்து பிரேக்கை மிதித்தபடி மலை இறங்கும்போது காலிப்பர் சூடாகி, அதற்குள் உள்ள ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். குமிழி சுருங்கும், பெடல் தரை தொடும். ஆறினால் குமிழி மறுபடி திரவமாகிவிடும், குறையும் மறைந்துவிடும். பெடல் கெட்டியாக இருந்தும் வண்டி நிற்காமல், எரிந்த வாடை வந்தால் அது வேறு. அங்கே சூட்டில் பேடுதான் பிடிப்பை இழந்திருக்கிறது, ஆயில் கொதிக்கவில்லை. இரண்டுக்கும் உடனடி வைத்தியம் ஒன்றுதான்: நிறுத்தி ஆற விடுவது. சூடான டிஸ்க்கின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது கோணிக்கொள்ளும்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஆயிலை முழுதாக மாற்றினால் இந்தக் குறை பெரும்பாலும் வராது. டாட் 3 கேட்கும் வண்டியில் டாட் 4 ஊற்றலாம். டாட் 5 என்பது சிலிக்கோன், இவற்றோடு அதைக் கலக்கவே கூடாது. மூடி திறந்து மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பாட்டிலை ஊற்றாதீர்கள். அது ஏற்கெனவே ஈரம் குடித்திருக்கும்.

மலை இறங்கும்போது பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில், சில பேர் இன்ஜினையே அணைத்துவிட்டு வருகிறார்கள். இன்ஜின் நின்றால் பூஸ்டருக்குள் இருக்கும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதிக்குத்தான் வரும், பிறகு பெடல் கல்லாகிவிடும். கியர் இல்லாததால் வண்டியின் வேகம் முழுவதையும் பிரேக்கே தாங்க வேண்டும். ஏறும்போது எந்த கியரோ, இறங்கும்போதும் அதே கியர். நடுவழியில் பெடல் தரை தொட்டால் வேகமாகப் பலமுறை மிதியுங்கள், கியரை ஒவ்வொன்றாகக் குறையுங்கள், ஹேண்ட் பிரேக்கின் பொத்தானை அழுத்தியபடியே கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். ஒரே இழுப்பாக இழுத்தால் பின்சக்கரம் உறைந்து வண்டி சுற்றிவிடும்.

வேலை முடிந்த பிறகு

இன்ஜின் ஓடும்போது ஒரு நிமிடம் பெடலை அழுத்தி வைத்திருங்கள். அந்த நேரத்தில் உதவியாளர் எல்லா இணைப்புகளையும் டார்ச் அடித்துப் பார்க்கட்டும். பிறகு ஆளில்லாத சமமான சாலையில் மணிக்கு 20 கிலோமீட்டரில் ஒருமுறை, 40இல் ஒருமுறை நிறுத்திப் பாருங்கள். வண்டி நேராக நிற்க வேண்டும். பெடல் எந்த உயரத்தில் நிற்கிறது என்று காலால் நினைவில் வைத்துக்கொண்டு, ராத்திரி முழுக்க வண்டியை அப்படியே விடுங்கள்.

காலையில் சாவியைத் திருப்பும் முன் ஒரே ஒரு மிதி. நேற்று நின்ற உயரத்திலேயே நின்றால் வண்டியை எடுக்கலாம். அரை அங்குலம் இறங்கியிருந்தால் இரண்டாவது மிதி மிதிக்காதீர்கள். சாவியை ஆணியில் திரும்ப மாட்டிவிட்டு, ஜாக்கை எடுத்து வாருங்கள்.